கையை விடும் முன் வலது காலைப் பழக்குங்கள்

"அக்கா, கையை எப்போ விடலாம்?"

வீலி, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் பைக் ஓட்டும் வித்தை, பழக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களுடைய வலது பூட்ஸைப் பார்ப்பேன். முன்பாதம் பின் பிரேக் பெடலின் மேல் தயாராக இருக்கிறதா, கால் வைக்கும் கட்டையான ஃபுட்பெக்கில் சும்மா கிடக்கிறதா? சும்மா கிடந்தால் இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்லிவிடுவேன். கைகள் இரண்டும் போன பிறகு வண்டியைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது அந்தக் கால் ஒன்றுதான்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவான வீலியை நூறு மீட்டராவது நிதானமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது இன்னும் கைவராதவர்கள் அதை முதலில் பழகிவிட்டு வாருங்கள். வேறு ஆள் நடமாட்டம் இல்லாத, அனுமதி வாங்கிய மூடிய தளம் வேண்டும். பொதுச் சாலையில் செய்கிறவர்களுக்கு நான் சொல்லித்தருவதில்லை, அங்கே அடிபடப் போவது அவர்கள் மட்டும் இல்லை. முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், முதுகுக் கவசம், முட்டி முழங்கைக் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை எல்லாம் எப்போதும் போல. அதோடு வால் எலும்புக்கும் இடுப்புக்கும் பட்டை வைத்த ஷார்ட்ஸை உள்ளே போடுங்கள். வீலியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்தான் தரையைத் தொடுகிறார்கள். தனியாகப் பழகவே கூடாது.

சின்ன வயதில் உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி முன்னே சாய்ந்தால் கையை முன்னே கொண்டுபோவோம், பின்னே சாய்ந்தால் பின்னே இழுப்போம். வீலியும் அதேதான். வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம், பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால், முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க எஞ்சின் பாடுபட வேண்டியதில்லை. அந்த இடம்தான் பேலன்ஸ் பாயிண்ட். அங்கே வண்டி சட்டென்று எடை குறைந்த மாதிரி இருக்கும், எஞ்சின் சத்தமும் தணியும். முன்பக்கம் இறங்கப் பார்த்தால் கொஞ்சம் ஆக்சிலரேட்டர். பின்னால் சாயப் பார்த்தால் கொஞ்சம் பின் பிரேக். 1991-ல் ஜப்பானைச் சேர்ந்த யசுயுகி குடோ ஒரே வீலியில் 331 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் ஓட்டியது ஹோண்டா டிஎல்எம்220ஆர் என்ற மெலிந்த டிரையல்ஸ் வண்டி, பாறை மேடு போன்ற தடைகளை மெதுவாகத் தாண்டும் போட்டிக்கானது. எஞ்சின் பலத்தால் தூக்கிக்கொண்டே போயிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

சரி, கையை விட்டால் என்ன ஆகிறது? ஆக்சிலரேட்டர் போய்விடுகிறது. இடது பக்க ஹேண்டில்பாரில் பின் பிரேக்குக்காக ஹேண்ட்பிரேக் லீவர் மாட்டியிருந்தால் அதுவும் போய்விடுகிறது. இந்த இரண்டு வேலையையும் ஒரே கால் எப்படிச் செய்யும் என்பதுதான் விஷயம். ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை, கூட்டி வைத்துக்கொள்கிறோம். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி தன்னைத்தானே முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தள்ளலுக்கு எதிராகக் கால் எப்போதும் லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் முன்சக்கரம் இறங்கும். கொஞ்சம் தளர்த்தினால் ஐடிலிங் வண்டியை முன்னே தள்ளி, முன்சக்கரத்தை மறுபடி ஏற்றும். பிரேக்கைத் தளர்த்துவதுதான் உங்கள் ஆக்சிலரேட்டர். இதை உடம்பு நம்புவதற்கு எனக்கு நான்கு மாதம் ஆனது.

நம்புவதற்கு முன்பே ஒருமுறை கையை விட்டேன். அதுவரை எல்லா வீலியையும் ஹேண்ட்பிரேக்கில்தான் பழகியிருந்தேன். இடது கையின் ஒரு விரல் என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருந்தது. கையை விட்டதும் இரண்டு விநாடி அழகாகப் போனது. அப்புறம் வண்டி பின்னால் சாய ஆரம்பித்தது. என் இடது விரல் காற்றில் லீவரைத் தேடியது. வலது கால் ஃபுட்பெக்கில் அப்படியே இருந்தது, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காறை எலும்பு முறிந்து ஏழு வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களின் ஹேண்ட்பிரேக் லீவரை முதல் சில மாதத்துக்குக் கழற்றி வைக்கச் சொல்கிறேன். கோபப்படுவார்கள். பரவாயில்லை.

வண்டியில் செய்ய வேண்டியது

நான் ஓட்டுவது 2005-ன் கவாசாகி இஸட்எக்ஸ்-6ஆர், 636 சிசி. கம்பெனி போட்டுத் தரும் பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், 40-க்குச் சற்று மேல் பற்கள் இருக்கும். நான் மாட்டியிருப்பது 60 பல். இதனால் அதே எஞ்சின் சுற்றில் வண்டி மெதுவாகப் போகும், முன்சக்கரமும் சுலபமாக எழும். ஐடில் திருகைத் திருப்பி 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி வைத்தால் இரண்டாவது கியரில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் தானாகவே உருளும். முதல் கியரில் இன்னும் மெதுவாகப் போகும், ஆனால் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த வெட்டு பேலன்ஸ் பாயிண்ட்டில் ஆளை அலைக்கழிக்கும் என்பதால் எனக்கு இரண்டாவது கியர்தான் பிடிக்கும். உங்கள் வண்டிக்கு வேறு எண் வரலாம். சமதளத்தில் கிளட்சை விட்டதும் திணறாமல், துள்ளாமல் ஒரே சீராகப் போகிற சுற்று எதுவோ அதுதான் சரியான எண்.

ஐடிலிங்கைக் கூட்டுகிற அன்றே கில் சுவிட்ச் கயிறு கட்ட வேண்டும். ஆள் வண்டியை விட்டு விலகினால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என்னிடம் பழகிய ஒரு பையன் பின்பக்கமாக இறங்கிவிட்டான், அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியோ முன்சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஆள் இல்லாமலே நேராக வேலியை நோக்கி ஓடியது. சாதாரண ஐடிலிங் என்றால் கொஞ்ச தூரத்தில் அணைந்து விழுந்திருக்கும். 3000-ல் அது ஓடிக்கொண்டே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அன்று யாரும் இல்லை. அன்றிலிருந்து கயிறு இல்லாத வண்டி என் தளத்துக்குள் ஏறாது. மணிக்கட்டில் கட்டினால் கையை விடும்போது அதுவே இழுத்து எஞ்சினை அணைத்துவிடும். பெல்ட்டில் மாட்டுங்கள்.

எண்ணெய் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வண்டி செங்குத்தாக நிற்கும்போது எண்ணெய் பின்பக்கமாகத் தேங்கிவிடும். உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். நான் வழக்கமான அளவைவிட அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறேன், எண்ணெய் விளக்கு ஒருமுறை மின்னினாலும் உடனே இறக்கிவிடுகிறேன். பின் டயரில் காற்று 20 பிஎஸ்ஐ, தரையில் அகலமாக உட்காருவதற்காக. ஹேண்டில்பார் சட்டென்று திரும்பாமல் தடுக்கும் ஸ்டீயரிங் டாம்பர் அவசியம், ஏன் என்று இறங்குவது பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். பக்கங்களில் கேஜ் என்ற பாதுகாப்புக் கம்பிக் கூடு, வாலில் '12 பார்' என்று நாங்கள் சொல்லும் கம்பி. வண்டி முழுதாகக் கவிழும் முன் இந்த 12 பார் தரையில் உரசித் தடுக்கும். ஆனால் அதன் மேல் எடை விழுந்த நேரத்தில் டயரின் பிடி குறைந்துவிடும், பிரேக் கேட்காது. அதன் மேல் சாய்ந்து ஓட்டலாம் என்று பழகிவிடாதீர்கள்.

பின் பிரேக் இந்த வேலையில் கொதிக்கும். விடாமல் தொட்டுக்கொண்டே போவதால் பிரேக் ஆயில் சூடாகி பெடல் மெத்தென்று அமுங்கும். இதைவிட மோசமான செய்தி வேறு இல்லை. புது ஆயில் போடுங்கள், நான்கைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெடலை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பெடலின் உயரத்தையும் உங்கள் பாதத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். குதிகால் பெக்கில் ஊன்றியிருக்க, கணுக்காலை வளைக்காமலே முன்பாதம் பெடலில் படிய வேண்டும். தடித்த அடி உள்ள பூட்ஸ் வேண்டாம், பிரேக் பிடிக்கும் அந்த நுனி காலுக்குத் தெரிய வேண்டும்.

காலைப் பழக்குவது

முதலில் இரண்டு சக்கரமும் தரையில் இருக்கட்டும். இரண்டாவது கியர், கூட்டிய ஐடிலிங், ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது. பிரேக்கை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், மெல்ல விட்டு ஏற்றுங்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடாமல் இதைச் செய்ய வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். நான் இதை ஒரு வாரம் முழுக்கச் செய்யவைப்பேன். கால் சுவிட்ச் மாதிரி போட்டு அணைக்கிற பழக்கத்தை விட்டு, குழாயைத் திருகுகிற மாதிரி வேலை செய்யத் தொடங்குவது இங்கேதான்.

அடுத்தது வீலி, கைகள் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். கிளட்சால் எழுப்பி பேலன்ஸ் பாயிண்ட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிவிடுங்கள். இனி ஐடிலிங்கும் காலும் மட்டும். முதலில் இரண்டு விநாடியில் முன்சக்கரம் இறங்கிவிடும், கால் பயத்தில் அதிகமாக அழுத்துவதால். நாளாக ஆக நேரம் நீளும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து விநாடி, அதுவும் தொடர்ந்து பத்து ஓட்டத்தில் ஒன்பது முறை. அதுவரை இந்தப் படியில்தான் நிற்க வேண்டும்.

இதே நேரத்தில் ஹேண்டில்பாரில் தொங்குவதையும் நிறுத்த வேண்டும். தங்களுக்கே தெரியாமல் கைகளால் உடம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். அப்படி ஓட்டுகிறவர் கையை விட்டதும் மேலுடம்பு பின்னால் போகும், எடை மையமும் சேர்ந்து போகும், வண்டி கவிழும். முட்டிகளால் டேங்கை இறுக்குங்கள், வயிற்றை இறுக்கி மேலுடம்பை நீங்களே முன்னே தாங்குங்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி: விரல்களை விரித்து உள்ளங்கையை மட்டும் கிரிப்பில் வைத்து ஓட்டுங்கள். கை பின்னால் வழுக்கினால் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

திசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முன்சக்கரம் மேலே போன பிறகு ஹேண்டில்பார் திசையைத் தீர்மானிப்பதில்லை, இடுப்புதான் தீர்மானிக்கிறது. வலப்பக்கம் நழுவினால் இடது இடுப்பை இருக்கையில் லேசாக அழுத்துங்கள். கண், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பக்கவாட்டில் தூரத்தைப் பார்க்கட்டும். மீட்டரைப் பார்த்தால் நேராகப் போக முடியாது. தளம் சமமாக இருக்கிறதா என்று தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள், உருண்டால் வேறு பகுதிக்குப் போங்கள். பக்கக் காற்று அடிக்கிற நாளில் கையை விடவே வேண்டாம், நிமிர்ந்து நிற்கிற வண்டியைக் காற்று, படகுப் பாயைத் தள்ளுகிற மாதிரி தள்ளும்.

கையை விடுவது

இடது கை முதலில். கிரிப்பிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி அங்கேயே வைத்திருங்கள். பிறகு தொடை மேல் வையுங்கள். அது இயல்பான பிறகு வலது கை, அதுவும் முதலில் ஒரு அங்குலம்தான். ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே மூடியிருப்பதால் வலது கை போவதால் எஞ்சினுக்கு எதுவும் மாறாது, மனதுக்குத்தான் மாறும். பிறகு இரண்டு கையும் தொடை மேல். கைகளை விரிப்பது, தலைக்கு மேல் தூக்குவது எல்லாம் இன்னும் பல வாரத்துக்குப் பிறகு. கையைத் தூக்கினால் எடை மையம் மேலே போய்ப் பின்னால் நகரும், அதைக் கால் முன்கூட்டியே உணர்ந்து கூடுதலாக அழுத்தியிருக்க வேண்டும்.

இறங்கும்போது வரிசை மாறக்கூடாது. முதலில் கைகள் ஹேண்டில்பாருக்கு, அப்புறம்தான் பிரேக்கை அழுத்தி முன்சக்கரத்தை இறக்குவது. காற்றில் இருக்கும் முன்சக்கரம் மெல்லச் சுற்றுவதை நிறுத்திவிடும். சுற்றும் வரை அது தன்னை நேராக வைத்துக்கொள்ள உதவும், நின்றதும் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த நிலையில் தரையைத் தொட்டால் ஹேண்டில்பார் இரு பக்கமும் வெறிபிடித்து அடிக்கும். டாம்பர் இருந்தால் சாய்வது மெதுவாக நடக்கும், நேராக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். பிடி, நேராக்கு, இறக்கு, கடைசி நொடியில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து மெத்தென்று வை. நான் பக்கத்தில் நின்று கத்துவது இந்த வரிசையைத்தான்.

பின்னால் சாய்ந்துவிட்டால்? முதலில் பிரேக், முழு அழுத்தமாக. அதற்கும் மீறிப் போய்விட்டால் ஹேண்டில்பாரைப் பிடிக்கப் பாயாதீர்கள், பிடித்தால் வண்டியை உங்கள் மேல் இழுத்துக்கொள்வீர்கள். கால்களைப் பெக்கிலிருந்து எடுத்துப் பின்னால் இறங்கி ஓடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் இது முடியும். மெதுவான வேகத்தில் பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கயிறு எஞ்சினை அணைத்துவிடும். எஞ்சின் அணைந்த நிலையில், இன்னொருவர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, பின்னால் இறங்குவதை மட்டும் தனியாக இருபது முறை பழகிவையுங்கள்.

பயிற்சி முடிந்ததும் ஐடில் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள், டயரில் காற்றை நிரப்புங்கள், எண்ணெய் அளவைப் பாருங்கள், செயின் தொய்வையும் கழுத்து பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள். பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.