ஸ்கூல் சிக் ரூம்ல புதுசா சேர்ந்திருக்கீங்களா? டாக்டர் எழுதித் தராம மாத்திரை கேட்டா என்ன பண்ணணும்

வார்டு டூட்டி விட்டுட்டு சென்னையில ஸ்கூல் வேலைக்கு வர்ற சிஸ்டர்ஸ் எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். "அக்கா, காய்ச்சல்னு ஒரு பையன் வந்து நிக்கிறான், ஒரு பாரசிட்டமால்தானே, குடுத்துடலாமா?" டாக்டர் எழுதினது கையில இல்லன்னா குடுக்காதீங்க. ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் இருக்கும், டூட்டி டாக்டர் இருப்பார், இங்க ரெண்டும் கிடையாது, ஆனா நம்ம ரிஜிஸ்ட்ரேஷன் அதேதான், மருந்து எழுதுற அதிகாரம் அதுல இல்ல. அதனால பிள்ளை வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்டரை வாங்கி வெச்சிடணும்.

ஸ்டெப் 1: ஸ்டாண்டிங் ஆர்டர் (டாக்டர் முன்கூட்டியே எழுதித் தர்ற பொது ஆர்டர்)

சேர்ந்த உடனே ஸ்கூலுக்கு வர்ற டாக்டர் யாருன்னு கேளுங்க. யாரும் இல்லன்னா பக்கத்து குழந்தைகள் டாக்டர்கிட்ட ஏற்பாடு பண்ணச் சொல்லி மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டரா குடுங்க. எந்த மருந்து, எந்த தொந்தரவுக்கு, ஒரு கிலோவுக்கு எவ்ளோ, எவ்ளோ நேரம் கேப், எப்போ குடுக்கவே கூடாதுன்னு எழுதி, சைன், சீல், ரிஜிஸ்டர் நம்பர், தேதி எல்லாம் இருக்கணும். வருஷா வருஷம் ஜூன்ல புதுப்பிக்கணும். ப்ரின்சிபல் வாயால சொல்றது டாக்டர் ஆர்டர் ஆகாது, அவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 2: பேரன்ட்ஸ் ஃபார்ம்

அலர்ஜி, வீசிங், ஃபிட்ஸ், தினமும் போடுற மருந்து, ரெண்டு போன் நம்பர், சம்மதக் கையெழுத்து. வெயிட் மட்டும் நீங்களே பாத்து எழுதுங்க, ஜூன்ல பாத்தது ஜனவரிக்கு உதவாது.

ஸ்டெப் 3: வீட்டுல இருந்து வர்ற மருந்து

பேப்பர்ல மடிச்சு பென்சில் பாக்ஸ்ல வர்ற மாத்திரையை வாங்கவே வாங்காதீங்க. முழு ஸ்ட்ரிப் இல்ல பாட்டில், கூடவே அந்தப் பிள்ளை பேர்ல டாக்டர் சீட்டு. வாட்ஸ்அப்ல சீட்டு போட்டோ வந்தா பேரையும் தேதியையும் பாருங்க, அக்காவுக்கு போன மாசம் எழுதின ஆன்டிபயாட்டிக்கை தம்பிக்கு அனுப்புற அம்மாக்கள் உண்டு. ஸ்ட்ரிப்ல சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு கட்டாயம்.

ஸ்டெப் 4: குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போன்

இந்த இடத்துலதான் நிறைய தப்பு நடக்குது, பொறுமையா படிங்க. முதல்ல அம்மாவுக்கு போன் போட்டு "காலைல ஏதாவது குடுத்தீங்களாம்மா?"ன்னு கேளுங்க. டெஸ்ட் இருக்குன்னு வேன் வர்றதுக்கு முன்னாடி ஒரு டோஸ் ஊத்தி அனுப்பியிருப்பாங்க, நாம ஒம்போது மணிக்கு இன்னொன்னு குடுத்தா என்ன ஆகும்? பாரசிட்டமாலுக்கு நாலுல இருந்து ஆறு மணி நேரம் கேப் வேணும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போகக்கூடாது.

அடுத்தது கணக்கு. கிலோவுக்கு 15 மி.கி-ன்னு ஆர்டர் இருந்தா 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. சிரப் 5 மில்லியில 125 மி.கி-ன்னு போட்டிருந்தா 12 மில்லி, அதே கம்பெனியோட 250 பாட்டிலா இருந்தா 6 மில்லிதான், லேபிள் பாக்காம ஊத்தினா டபுள் டோஸ். பெரியவங்க போடுற 650 மாத்திரை இந்தப் பிள்ளைக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, டீச்சர் தன் ஹேண்ட்பேக்ல இருந்து எடுத்துக் குடுக்கிறதும் அதுதான், அதனால ஸ்டாஃப் ரூம்லயும் இதை சொல்லி வைங்க.

ஆர்டர் இல்லாம இருமல் சிரப் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல அத்தனை குழந்தைங்க சிறுநீரகம் கெட்டு செத்துப்போன சிரப், நம்ம பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது, அதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல. நிமெசுலைடு 12 வயசுக்கு கீழ 2011லயே தடை. மழை சீசன்ல டெங்கு சுத்துற நேரத்துல காய்ச்சல்னு வந்தா இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகாதீங்க, ரத்தக்கசிவு ஆபத்து.

ஸ்டெப் 5: ரிஜிஸ்டர்

குடுத்த கையோட எழுதுங்க. மருந்து, அளவு, நேரம், யார்கிட்ட பேசினீங்க. அதையே டைரியில ஒரு சீட்டா ஒட்டி அனுப்புங்க, சாயங்காலம் வீட்டுல திரும்ப குடுக்காம இருப்பாங்க.

ஆர்டரே இல்லன்னா கையைக் கட்டிட்டு நிக்கணுமான்னு கேப்பீங்க. இல்ல. டெம்பரேச்சர் பாருங்க, ஃபேனுக்கு கீழ படுக்க வைங்க, தண்ணி குடுங்க, அம்மாவை வரச் சொல்லுங்க, முக்காவாசி காய்ச்சலுக்கு அம்மா வர்ற வரைக்கும் இதுவே போதும். அரசுத் திட்டத்துல வர்ற குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை வேற கணக்கு, அதுக்கு துறையோட வழிகாட்டுதல் இருக்கு, ஆனா அன்னைக்கு உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு குடுக்காம தள்ளி வைங்க.

அவசரம்

வீசிங் பிள்ளையோட இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) டாக்டர் சீட்டோட சிக் ரூம்லயே இருக்கணும், மத்த மருந்தெல்லாம் பூட்டுல இருக்கட்டும், இது மட்டும் பூட்டக்கூடாது, சாவி தேடுற நேரம் கிடையாது. ஃபிட்ஸ் வந்தா கையில இரும்புச் சாவி, வாயில ஸ்பூன் எதுவும் வேண்டாம், ஒருக்களிச்சு படுக்க வெச்சு டைம் பாருங்க, முதல் தடவை வர்ற ஃபிட்ஸ்னா உடனே 108, ஏற்கனவே உள்ள பிள்ளைன்னா அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. சுயநினைவு இல்லாத பிள்ளை வாயில தண்ணி கூட ஊத்தாதீங்க. 108 வர்ற வரைக்கும் ஸ்கூல் டாக்டர் லைன்லயே இருக்கட்டும், அவர் சொல்றதை ஒரு டீச்சரை சாட்சியா வெச்சு எழுதி, அன்னைக்கே அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க.