சின்னத் தீவுகளின் உரிமையைப் பிள்ளைகளுக்கு ஒரு மாலையில் சொல்லிக்கொடுப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஐந்து, ஆறு மாணவர்களுக்கு மாலையில் வரலாற்று டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளின் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மெர்டேக்கா, அதாவது மலேசிய விடுதலை, பாடம் முடிந்ததும் ஒரு மாலையை, இன்னும் தூரத்து அரசுகளின் கீழ் இருக்கும் சின்னப் பகுதிகளுக்கு ஒதுக்குவேன். சோதனையில் வராது. ஆனால் சுதந்திரம் என்றால் ஒரே ராத்திரியில் கொடி மாறுவது என்று பதிந்துபோன எண்ணத்தை அசைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீங்களும் உங்கள் ஊரில் செய்து பாருங்கள்.

ஓர் உலக உருண்டை, மணிலா அட்டை, கொஞ்சம் நூல், அரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். தன்னாட்சி பெறாத பகுதிகள் என்று ஐநா வைத்திருக்கும் பட்டியலில் 17 இடங்கள் உள்ளன. ஓர் அட்டைக்கு ஒரு பெயராக எழுதிக் கொடுத்து உருண்டையில் தேடச் சொல்லுங்கள். பசிபிக்கில் இருக்கும் குட்டித் தீவு பிட்கெர்ன் லேசில் அகப்படாது. அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் 1960ஆம் ஆண்டின் 1541ஆம் தீர்மானத்தைச் சொல்லுங்கள். தன்னாட்சிக்கு அது மூன்று வழி காட்டுகிறது: தனி நாடாவது, ஒரு நாட்டோடு மனமுவந்து இணக்க உறவு வைத்துக்கொள்வது, அல்லது அந்த நாட்டோடு முழுதாகச் சேர்ந்துவிடுவது. இரண்டாவது வழிக்கு குக் தீவுகளையும் (1965) நியுவேயையும் (1974) காட்டுங்கள். இரண்டும் தங்களைத் தாங்களே ஆள்கின்றன, மக்கள் நியூசிலாந்துக் குடிமக்களாகவும் இருக்கிறார்கள்.

வகுப்பின் பெரும்பகுதியை, நியூசிலாந்தின் கீழ் பசிபிக்கில் இருக்கும் டோக்கலாவுக்குக் கொடுங்கள். மூன்று பவளத் தீவுகள், சுமார் 1,500 பேர். விமான ஓடுதளம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில்தான் போகவேண்டும். தலைமைப் பதவி ஆண்டுக்கு ஒரு தீவாகச் சுற்றி வரும். நியூசிலாந்தோடு இணக்க உறவு கொள்ளலாமா என்று 2006இல் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. 2007இல் மறுபடியும் வாக்கெடுப்பு. ஆதரவு 446 வாக்கு. தேவைக்கு 16 குறைவு.

இங்கேதான் கொண்டைக்கடலை. ஒரு பாத்திரத்தில் 446 கடலையை எண்ணிப் போடச் சொல்லுங்கள். குறைந்துபோன 16ஐ ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். விரலை மடக்கினால் மறைந்துவிடும். "டீச்சர், பாதிக்கு மேல வந்துட்டா ஜெயிச்ச மாதிரிதானே?" என்று யாராவது கேட்பார்கள். அந்த வரம்பை வைத்தது டோக்கலாவின் சொந்த அவை என்று சொல்லிவிட்டு அவர்களை வாதாட விடுங்கள். என் கருத்து இது: எவ்வளவு ஆதரவு இருந்தால் மாறலாம் என்று தாங்களே முடிவு செய்ததும் சுயநிர்ணயம்தான்.

இனி நூல். எந்தப் பகுதி யாரோடு எதைப் பகிர்ந்துகொள்கிறதோ, அந்த இரண்டு அட்டைக்கும் நடுவே நூல் கட்டுங்கள். கிழக்குக் கரீபியன் டாலரை ஆறு தனி நாடுகளும் அங்குயிலா, மாண்ட்செராட் என்ற இரண்டு பிரிட்டிஷ் பகுதிகளும் ஒரே மத்திய வங்கியின் கீழ் வைத்திருக்கின்றன. 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு மாறவே இல்லை. பசிபிக்கில் டோக்கலாவ், நவ்ரு ஒப்பந்த நாடுகள் என்ற தீவு நாடுகளின் கூட்டணியோடு சேர்ந்து சூரை மீன் பிடிக்கும் உரிமையைக் கப்பலுக்கு இத்தனை நாள் என்று விற்கிறது. தனியாகப் பேரம் பேசியிருந்தால் பெரிய கப்பல் கம்பெனிகள் அதை மதித்திருக்குமா? தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்த காலத்தில், 1960இல், நம் ஊர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளிகளின் சின்னச் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிய கதையை இந்த இடத்தில் சொல்லுங்கள். பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

பிரான்சின் கீழ் பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியாவைச் சுருக்கமாக முடிக்கலாம். 2018, 2020, 2021 என மூன்று வாக்கெடுப்பிலும் விடுதலை வேண்டாம் என்பதே முடிவு. ஆனால் மூன்றாவதை விடுதலைக் கட்சிகள் புறக்கணித்தன. அங்கே யாருக்கு வாக்குரிமை என்பதே பெரிய சண்டை.

யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்ற அந்தக் கேள்வியோடு இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளுக்கு வாருங்கள். ஐநா பட்டியலில் இல்லாவிட்டாலும் இதை விடக்கூடாது. 1965இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தது. அவற்றில் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வரவேண்டும் என்பதற்காக, 1968 முதல் 1973 வரை மக்களை வெளியேற்றினார்கள். அவர்கள் தென்னந்தோட்டத்தில் கொப்பரை எடுத்தவர்கள். தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை, ஒப்பந்தக் கூலிகள், நிரந்தரக் குடிகள் இல்லை என்று காட்டினார்கள். தோட்டம் விற்கப்பட்டு லயத்தை, அதாவது தோட்டக் குடியிருப்பை, காலி செய்த குடும்பங்களின் பிள்ளைகள் இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். உடனே அடுத்த விஷயத்துக்குத் தாவாதீர்கள். வீட்டில் கேட்டதை யாராவது சொல்ல வந்தால் சொல்லட்டும். அதன் பிறகு, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடிக்கவேண்டும் என்று 2019இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துச் சொன்னதைக் கூறுங்கள்.

வீட்டுப்பாடமாக ஆளுக்கு ஓர் அட்டை. அதிகம் படிக்கும் பிள்ளைக்கு மாண்ட்செராட்: 1995இல் எரிமலை குமுறத் தொடங்கி, தலைநகர் பிளிமத் புதைந்து, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வெளியேறிய பிறகு எஞ்சியவர்கள் எப்படி ஆள்கிறார்கள்? வாதாடப் பிடித்த பிள்ளைக்கு அங்குயிலா: தங்களோடு ஒரே ஆட்சியில் சேர்க்கப்பட்டிருந்த செயின்ட் கிட்ஸின் போலீஸை 1967இல் விரட்டியவர்கள், 1980இல் பிரிட்டனின் கீழேயே தனிப் பகுதியாகப் பிரிந்தது ஏன்? இதற்கு ஒரு வாரம் தாராளமாகக் கொடுங்கள்.