முதலில் அலகு, அப்புறம் வகுத்தல்

ஐந்தாம் வகுப்புக் கணக்கில் வகுத்தல் தனிப் பாடம், பின்னம் தனிப் பாடம், அளவைகள் தனிப் பாடம். ஆனால் மளிகைக் கடையிலும் தையல் கடையிலும் மூன்றும் ஒரே கணக்குக்குள் வந்து நிற்கும். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். வாய்ப்பாடு ஓரளவு தெரிந்தால் போதும். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

படி 1: ஒரே சின்ன அலகுக்குக் கொண்டுவாருங்கள்

கணக்கில் மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருந்தால் வகுக்கவே ஆரம்பிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் செ.மீ. ஆக்குங்கள். கிலோவும் கிராமும் இருந்தால் கிராம், லிட்டரும் மில்லியும் இருந்தால் மில்லி.

1 மீட்டர் = 100 செ.மீ.
1 செ.மீ. = 10 மி.மீ.
1 கிலோ = 1000 கிராம்
1 லிட்டர் = 1000 மி.லி.

அன்றாடத்துக்கு இவ்வளவு போதும். டெசி, டெக்கா, ஹெக்டா எல்லாம் பரீட்சைக்கு வேண்டும். கடைத்தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். கூடவே இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்: கிலோவிலும் லிட்டரிலும் அரைக்கால் (1/8) என்றால் 125, கால் 250, அரை 500, முக்கால் 750.

எல்லாம் பத்துப் பத்தாகப் போவதுதான் நமக்குப் பெரிய வசதி. 1957 ஏப்ரலில் 100 பைசா வருவதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. 2 ரூபாய் 5 அணாவை மூன்று பேருக்குப் பிரிக்க, முதலில் 16-ஆம் வாய்ப்பாட்டைப் போட்டு 37 அணா என்று கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு அந்தப் பாடு இல்லை.

படி 2: நீள் வகுத்தல்

7 மீட்டர் 35 செ.மீ. துணி. ஏழு சம துண்டுகளாக வெட்ட வேண்டும். செ.மீ.-இல் 735. இதை 7-ஆல் வகுக்கிறோம். வேலை நான்குதான்: வகு, பெருக்கு, கழி, அடுத்த எண்ணை இறக்கு. இலக்கங்கள் தீரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

இடது கோடியிலிருந்து தொடங்குங்கள். 7-இல் 7 ஒரு முறை போகும். மேலே 1 எழுதுங்கள். 7 × 1 = 7. கழித்தால் 0. அடுத்த இலக்கமான 3-ஐ இறக்குங்கள். 3-இல் 7 போகாது. போகாது என்றால் சும்மா தாண்டிப் போகக் கூடாது, மேலே 0 எழுத வேண்டும். அப்புறம் 5-ஐ இறக்கினால் 35. 7 × 5 = 35. கழித்தால் 0. ஈவு 105, மீதி இல்லை.

நடுவில் உள்ள அந்த 0-ஐ விட்டுவிட்டு 15 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும். அதைப் பிடிக்க எளிய வழி, போடுவதற்கு முன்பே குத்துமதிப்பாக ஒரு விடையைச் சொல்லிப் பார்ப்பது. ஏழு மீட்டரை ஏழாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மீட்டருக்குக் குறையாது. 15 செ.மீ. கைக்குட்டைக்குக்கூடக் காணாது. ஆகவே 15 தப்பு.

இனி 105 செ.மீ.-ஐ மீட்டருக்கு மாற்றுங்கள். 1 மீட்டர் 5 செ.மீ. இதைத் தசமத்தில் 1.05 என்று எழுத வேண்டும், 1.5 என்று அல்ல. 1.5 என்றால் ஒன்றரை மீட்டர், அதாவது 150 செ.மீ. துணிக்கடையில் இப்படி எழுதிக் கொடுத்தால் 45 செ.மீ.-க்குக் கூடுதல் பணம் போய்விடும். மீட்டரில் சென்டிமீட்டருக்கு எப்போதும் இரண்டு இடம். கிலோவில் கிராமுக்கும் லிட்டரில் மில்லிக்கும் மூன்று இடம். 2 கிலோ 40 கிராம் என்றால் 2.040.

படி 3: மீதியை என்ன செய்வது?

2 கிலோ 500 கிராம் முறுக்கு இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டாகப் போட வேண்டும். 2500 ÷ 200. இரண்டு பக்கமும் இரண்டு பூஜ்ஜியத்தை அடித்துவிடலாம், 25 ÷ 2 என்று ஆகும். ஈவு 12, மீதி 1.

எது 1? 1 கிராமா? இல்லை. இரண்டு பூஜ்ஜியத்தை அடித்ததால் இங்கே ஒவ்வொன்றும் நூறு கிராம். மீதி 100 கிராம். சந்தேகமாக இருந்தால் திரும்பப் பெருக்கிப் பாருங்கள்: 12 × 200 = 2400, அதோடு 100 சேர்த்தால் 2500. பூஜ்ஜியத்தை அடித்தால் ஈவு மாறாது, மீதிக்கு மட்டும் அடித்த பூஜ்ஜியங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எத்தனை முழு பாக்கெட் விற்கலாம் என்று கேட்டால் 12. எல்லா முறுக்கையும் போட எத்தனை கவர் வாங்க வேண்டும் என்றால் 13. மொத்தம் எத்தனை பாக்கெட் அளவு என்றால் பன்னிரண்டரை. மீதியை மேலே, வகுக்கும் எண்ணைக் கீழே எழுதினால் பின்னம் வந்துவிடும்: 100/200, சுருக்கினால் 1/2. கணக்கு ஒன்றுதான், கேள்விதான் விடையைத் தீர்மானிக்கிறது.

படி 4: பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல்

முக்கால் லிட்டர் பால். ஒரு டம்ளர் அரைக்கால் லிட்டர் பிடிக்கும். எத்தனை டம்ளர் வரும்? 3/4 ÷ 1/8.

"இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று பள்ளியில் சொல்லிவிடுவார்கள். ஏன் என்பதைப் பாலை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு முழு லிட்டரில் 8 டம்ளர். நம்மிடம் இருப்பது முக்கால் லிட்டர்தான், ஆகவே அந்த எட்டில் முக்கால் பங்கு: 3/4 × 8 = 6. தலைகீழாக்கியதால் வந்த 8, ஒரு லிட்டருக்கு எத்தனை டம்ளர் என்பதுதான். மில்லியில் சரிபார்த்தால் 750 ÷ 125 = 6.

"வகுத்தால் குறையத்தானே வேண்டும், முக்கால் எப்படி ஆறாச்சு?" என்று பிள்ளை கேட்டால் நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். 6 என்பது லிட்டர் அல்ல, டம்ளர் எண்ணிக்கை. அதே பாலை எட்டுப் பேருக்குப் பிரித்தால்தான் 3/4 ÷ 8. ஆளுக்கு 3/32 லிட்டர், அதாவது 93.75 மி.லி.

படி 5: வகுக்கும் எண்ணில் புள்ளி இருந்தால்

60 மி.லி. சிரப், ஒரு வேளைக்கு 7.5 மி.லி. இரண்டையும் பத்தால் பெருக்கினால் புள்ளி போய்விடும்: 600 ÷ 75 = 8 வேளை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் 4 நாள். டாக்டர் ஐந்து நாள் எழுதியிருந்தால் 10 வேளை, 75 மி.லி. வேண்டும்; ஒரு பாட்டில் போதாது. அளக்கும்போது மருந்தோடு வரும் மூடியையே பயன்படுத்துங்கள், வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

அ) 3 லிட்டர் 60 மி.லி. எண்ணெய், மூன்று பாட்டிலில் சமமாக.
ஆ) ஒன்றரை கிலோ மாவு, கால் கிலோ பொட்டலங்களாக.
இ) 4 மீட்டர் 20 செ.மீ. பலகை, 35 செ.மீ. துண்டுகளாக.

விடை: அ) 1020 மி.லி., அதாவது 1.020 லிட்டர். ஆ) 6. இ) 420 ÷ 35 = 12. ஆனால் இந்த மூன்றாவதை ஆசாரியிடம் சொன்னால் 11 என்பார். 12 துண்டுக்கு 11 முறை ரம்பம் போட வேண்டும். ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. தூளாகப் போனால் மொத்தம் 33 மி.மீ. போய்விடும், கடைசித் துண்டு 35 செ.மீ. தேறாது.