1812 மாசசூசெட்ஸ் தேர்தலைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்சி நலனுக்காகத் தொகுதி எல்லைகளை வளைப்பதை, அதாவது ‘ஜெரிமாண்டரிங்’ என்பதைப் பற்றி எழுதுவோர் பலரும் அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸில் 1812ஆம் ஆண்டு நடந்த தேர்தலில்தான் தொடங்குகிறார்கள். அந்தத் தேர்தல் எந்த விதிகளின்படி நடந்தது என்பதைப் பாராமல் எழுதுவதால் அதே பிழைகள் திரும்பத் திரும்ப அச்சேறுகின்றன.

ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி எல்லைகளை மாற்றித் தேர்தலில் வென்றார் என்று எழுதுவது அவற்றுள் முதன்மையானது. பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்ட சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைத் தொகுதிகளை மட்டுமே மாற்றியது. ஏப்ரலில் நடந்த வாக்குப்பதிவில் ஃபெடரலிஸ்ட் கட்சியின் கேலப் ஸ்ட்ராங்கிடம் கெர்ரியே தோற்றார். மாநிலம் முழுவதன் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டி ஆளுநரைத் தேர்ந்தெடுத்ததால், அங்கே எல்லைக்கோட்டுக்கு வேலையே இல்லை.

மேலவையின் கதை வேறு. ஃபெடரலிஸ்டுகள் 51,766 வாக்குகளும் கெர்ரி சார்ந்திருந்த குடியரசுக் கட்சியினர் 50,164 வாக்குகளும் பெற்றதாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் 40 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 29, ஃபெடரலிஸ்டுகளுக்கு 11 மட்டுமே கிடைத்தன. மே மாதத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையிலோ ஃபெடரலிஸ்டுகளே பெரும்பான்மை பெற்றனர். இந்த வேறுபாட்டை விளக்காத கட்டுரை பாதிக் கட்டுரைதான். கீழவைக்கு வரைந்த தொகுதிகளே கிடையா. 1780ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி ஒவ்வோர் ஊரும் தன் உறுப்பினரைத் தானே அனுப்பியது. தலைவரிக்கு உட்பட்டோர் 150 பேர் இருந்தால் ஓர் உறுப்பினர், அதற்குமேல் ஒவ்வொரு 225 பேருக்கும் மேலும் ஒருவர் என்பது விதி. வளைப்பதற்குக் கோடு இல்லாத அவையில் வளைப்பும் நிகழவில்லை.

மேலவைத் தொகுதிகளை வரைந்தவர்கள் தெருத் தெருவாகப் பிரித்ததாகக் கருதுவதும் தவறு. அன்று வாக்குரிமை, சொத்துத் தகுதி உடைய ஆண்களுக்கே இருந்தது. அவர்கள் ஊர்க்கூட்டத்தில் வாக்களிக்க, ஊரின் நிர்வாகிகள் அனைவர் முன்னிலையிலும் எண்ண, ஊர் எழுத்தர் ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதி, முத்திரையிட்ட படியை மாநிலச் செயலருக்கு அனுப்புவார். ஊர்தான் அளவுகோல். ஆகவே எசெக்ஸ் மாவட்டத்தில் செய்யப்பட்டதும் முழு ஊர்களைக் கோத்த வேலையே: செல்சி, லின், சேலம், மார்பிள்ஹெட், டான்வர்ஸ், ஆண்டோவர், மெத்யூவன், ஹேவ்ரில், ஏம்ஸ்பரி, சாலிஸ்பரி என்று நீண்ட வளையமொன்று மற்ற ஊர்களைச் சூழ்ந்துகொண்டது. மார்ச் 26 அன்று பாஸ்டன் கெசட் இதழ் அந்த வளையத்துக்குச் சிறகும் நகமும் வரைந்து, ‘கெர்ரிமாண்டர்’ என்ற விலங்காக வெளியிட்டது. அப்படத்தை ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்ததாகப் பலரும் எழுதுவதற்குச் சான்றில்லை. எல்கானா டிஸ்டேலின் கைவண்ணம் என்பதே ஆய்வாளர்களிடையே மிகுதியான கருத்து.

தொகுதிகளுக்கிடையே மக்கள்தொகை சமமாக இல்லாததைக் காட்டி, அதுவே மோசடி என்று வாதிடுவோரும் உள்ளனர். மேலவை இடங்கள் மக்கள்தொகையைக் கொண்டு அல்ல, மாவட்டம் செலுத்திய வரியைக் கொண்டு பங்கிடப்பட்டன. ஆகவே அந்தச் சமமின்மை கெர்ரிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. குறை கூற வேண்டிய இடம் அதுவன்று, ஊர்களை இணைத்த விதம்.

பெயர்களிலும் கவனம் தேவை. அன்றைய குடியரசுக் கட்சி ஜெஃபர்சனும் மேடிசனும் தலைமை தாங்கியது. 1854இல் பிறந்த இன்றைய குடியரசுக் கட்சியோடு அதைக் குழப்பக் கூடாது. இன்று தனி மாநிலமாக உள்ள மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாகவே இருந்ததால், அன்றைய வாக்கு எண்ணிக்கையில் அதுவும் அடங்கும். கெர்ரி என்ற பெயரின் முதலெழுத்தை அவர் குடும்பம் ககர ஒலியோடுதான் உச்சரித்தது. அதிலிருந்து பிறந்த ‘ஜெரிமாண்டர்’ என்ற சொல்தான் பின்னர் ஜகர ஒலிக்கு மாறியது.

அந்த எல்லைகள் நெடுங்காலம் நிலைத்ததாகவும் எழுதிவிடாதீர்கள். மாநிலத்தில் தேர்தல் ஆண்டுதோறும் நடந்தது. 1812 ஜூனில் பிரிட்டனுடன் தொடங்கிய போர் அங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1813இல் அதே கோடுகளுக்குள்ளேயே ஃபெடரலிஸ்டுகள் மேலவையைக் கைப்பற்றி, அந்தச் சட்டத்தையும் நீக்கினர்.