எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டலாம் வாங்க: மும்பையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனுக்குப் பெயர்போன ஜப்பானிய கம்பெனியான ஸ்டாக்ஸின் ஹெட்ஃபோன் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்துவிட்டது, அதற்கான ஆம்ப்ளிஃபையரின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, நாமே கட்டினால் என்ன? இப்படி யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாகக் கட்டலாம். ஆனால் இதில் முக்கால்வாசி வேலை பவர் சப்ளைதான். ஆடியோ போர்டு அப்புறம், ஹெட்ஃபோனைச் செருகுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். சாதாரண பவர் சப்ளை ஒன்றையாவது கட்டிப் பழகியவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

எதற்கு இவ்வளவு வோல்டேஜ்?

இந்த ஹெட்ஃபோனில் கம்பிச்சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. துளை போட்ட இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மெல்லிய ஃபிலிம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஃபிலிமுக்கு நிலையான டிசி கொடுக்க வேண்டும், அதுதான் பயஸ். ஸ்டாக்ஸின் ஐந்து பின் 'ப்ரோ' மாடல்களுக்கு 580 வோல்ட், பழைய ஆறு பின் மாடல்களுக்கு 230 வோல்ட். ஆடியோ சிக்னல் இரண்டு தட்டுகளுக்கும் எதிரெதிராகப் போகும், அதுவும் நூற்றுக்கணக்கான வோல்ட்டில்.

ஆம்ப்ளிஃபையரின் பார்வையில் இது வெறும் கப்பாசிட்டர், கேபிளோடு சேர்த்து 120 பிக்கோஃபாரட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை 26 மெகா ஓமுக்கும் மேல், அதாவது கரன்ட்டே தேவையில்லை. 20 கிலோஹெர்ட்ஸில் அதே தடை 66 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும், 300 வோல்ட் கொடுத்தால் நாலரை மில்லிஆம்ப் இழுக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் எப்போதும் பத்துப் பதினைந்து மில்லிஆம்ப் ஓடவிட்டு, பெட்டி சூடாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

லாமிங்டன் ரோடில் என்ன வாங்குவது

லாமிங்டன் ரோடு மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ஹீட்சிங்க், கேபினட் எல்லாம் கிடைத்துவிடும். உயர் வோல்டேஜ் டிரான்சிஸ்டர்களை மட்டும் பெரிய ஆன்லைன் டீலர்களிடமே வாங்குங்கள். இந்த வகை ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைத்துப் பெயர்பெற்ற கெவின் கில்மோரின் சர்க்யூட்டுகளில் வரும் சில ஜப்பானிய டிரான்சிஸ்டர்கள் உற்பத்தி நின்றுபோனவை, அவற்றின் பெயரில் போலிகள் நிறையவே சுற்றுகின்றன.

டிரான்ஸ்ஃபார்மரை ஆர்டர் கொடுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். ±400 வோல்ட் சப்ளைக்கு 330 வோல்ட் சுற்று தனித்தனியாக இரண்டு, பயஸுக்கு 260 வோல்ட் சுற்று ஒன்று. சுற்றுகளுக்கு இடையே இன்சுலேஷன் டெஸ்ட் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

330 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 466 வோல்ட் டிசி வரும், மெயின்ஸ் பத்து சதவீதம் ஏறினால் 513. அதை 400க்கு இறக்கி நிறுத்துவது பின்னால் வரும் ரெகுலேட்டர். ஆகவே கடையில் நீட்டும் 450 வோல்ட் கப்பாசிட்டர் இங்கே உதவாது. 220 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டை சீரிஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். அது வோல்டேஜைச் சமமாகப் பிரிக்கும், ஸ்விட்சை அணைத்த பிறகு சார்ஜையும் வடிக்கும்.

ஷாக் விஷயம்

அந்தக் கப்பாசிட்டர் ஜோடியில் கிட்டத்தட்ட 12 ஜூல் தேங்கி நிற்கும். உயிரை எடுக்க அது போதும். வீட்டு போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது, ட்ரிப் ஆகாது. ஸ்விட்சை அணைத்ததும் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே ஐம்பது விநாடி பிடிக்கும், அதுவும் அந்த ரெசிஸ்டர்கள் சரியாக இருந்தால். இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்து, மிச்சம் இருந்தால் இன்சுலேட்டட் கிளிப்பில் கட்டிய 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரால் வடித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். ஒவ்வொரு அளவுக்கும் பவரை அணைத்து, கிளிப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். வீட்டில் வேறு யாராவது விழித்திருக்கும்போது மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள்.

கட்டும் வரிசை

முதலில் பவர் சப்ளை போர்டு மட்டும். மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள், எல்ஈடி கூடாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், டயோடு அல்லது கப்பாசிட்டர் தலைகீழாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 2.7 கிலோ ஓம் 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் நான்கை சீரிஸில் லோடாகக் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 37 மில்லிஆம்ப் போகும், 400 வோல்ட் அசையக் கூடாது. மைனஸ் பக்கத்துக்கும் இதே. இரண்டு பக்கத்துக்கும் நடுவே 800 வோல்ட் இருக்கும். 600 வோல்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் அங்கே போகவே வேண்டாம், கிரவுண்டிலிருந்து தனித்தனியாக அளந்தால் போதும்.

அடுத்து பயஸ். 260 வோல்ட் சுற்றை டபுளரில் (வோல்டேஜை இரட்டிப்பாக்கும் ரெக்டிஃபையர்) விட்டால் 735 வோல்ட் வரும். அதிலிருந்து 470 கிலோ ஓம் வழியாக, வோல்டேஜைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தும் ஜீனர் டயோடுகள்: 100 வோல்ட் ஜீனர் ஐந்து, 82 வோல்ட் ஜீனர் ஒன்று, எல்லாம் சீரிஸில். 580 பக்கம் நின்றுவிடும். அங்கிருந்து 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். தப்பித் தவறி விரல் பட்டாலும் சில நூறு மைக்ரோஆம்புக்குள் அடங்கிவிடும் என்பதால், பாதுகாப்புக்கே அந்த ரெசிஸ்டர்தான்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 395 வோல்ட் காட்டும், சர்க்யூட் போச்சு என்று ஜீனரை எல்லாம் பிடுங்கிவிடுவார்கள். கெட்டுப்போனது எதுவுமில்லை. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், அது 4.7 மெகா ஓமோடு சேர்ந்து வோல்டேஜைப் பிரித்துவிடுகிறது. சல்லிசான மஞ்சள் மீட்டர்களில் உள்தடை 1 மெகா ஓம்தான், அதில் வெறும் 100 வோல்ட் தெரியும். ஜீனர் வரிசையின் உச்சியில், 4.7 மெகா ஓமுக்கு முன்னால், 10 மெகா ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள்.

கடைசியாக ஆடியோ போர்டு. அவுட்புட் டிரான்சிஸ்டரின் முதுகில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், ஆகவே ஹீட்சிங்குக்கும் அதற்கும் நடுவே தடிமனான செராமிக் பேட் போடுங்கள். ஒவ்வொன்றும் ஹீட்சிங்கைத் தொடவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே பவர் கொடுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் அரை மணி நேரம் சூடாகவிட்டு, ப்ளஸ் அவுட்புட்டுக்கும் மைனஸ் அவுட்புட்டுக்கும் நடுவே, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, போர்டில் இருக்கும் ட்ரிம்மரைத் திருப்பி வோல்டேஜை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஆன் செய்த புதிதில் சில பத்து வோல்ட் தள்ளி நிற்பது சகஜம்.

கோளாறு வந்தால்

ஒரு காது மட்டும் சன்னமாகக் கேட்கிறதா? இன்புட்டில் இடது வலது கேபிளை மாற்றுங்கள். கோளாறு இடம் மாறினால் பிரச்சினை ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே, முன்னால் இருக்கும் கருவியில். மாறாவிட்டால், சாக்கெட்டுக்குப் போகும் இடது வலது ஒயர்களை, பவரை அணைத்து வடித்துவிட்டுத்தான், மாற்றிப் போடுங்கள். இப்போது இடம் மாறினால் ஆம்ப்ளிஃபையர், அப்படியே இருந்தால் ஹெட்ஃபோன்.

அவுட்புட் ஒன்று 400 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டால், நன்றாக இருக்கும் சேனலே உங்கள் கையேடு. இரண்டு போர்டிலும் அதே இடங்களில், கிரவுண்டிலிருந்து, இன்புட் பக்கமிருந்து வரிசையாக அளந்து எழுதுங்கள். எண்கள் எங்கே பிரிகின்றனவோ அதற்கு ஒட்டியிருக்கும் டிரான்சிஸ்டரையும் சால்டரையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரைச்சல் வந்தால் காதைக் கூர்மையாக்குங்கள்: 100 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபையர் பக்கம், 50 ஹெர்ட்ஸ் என்றால் கிரவுண்ட் லூப் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வால்யூம் ஏற்றும்போது மேல் ஸ்தாயி மட்டும் கரகரத்தால் அவுட்புட் கரன்ட் போதவில்லை.

மும்பைக்கென்று ஒன்று இருக்கிறது, மழை. ஜூலையில் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் மெல்ல மெல்ல இறங்கும், அல்லது சரசரவென்று ஒலி வரும். சால்டர் செய்தபோது போர்டில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் பசை ஈரத்தைக் குடித்து பயஸைக் கசியவிடும். 4.7 மெகா ஓமுக்கு அந்தப் பக்கம் பத்து மெகா ஓம் கசிவு இருந்தாலே பயஸில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு பயஸ் பகுதியையும் சாக்கெட் பின்களையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறமும் சரசரப்பு இருந்தால் ஈரம் ஹெட்ஃபோனுக்குள்ளேதான். சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.