வெள்ளி நாளங்களைத் தேடத் தொடங்குவது எப்படி: ஃப்ரெஸ்னியோவை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

மெக்சிகோவின் சகாடெகாஸ் மாநிலத்திலுள்ள ஃப்ரெஸ்னியோவில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே வெள்ளி தோண்டப்பட்டு வருகிறது. நானூறு ஆண்டுகளாகச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த நிலத்தில் நடந்து திரிந்தும், சுமார் 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள சாண்டோ நின்யோ நாளம் (பாறைப் பிளவில் கனிமங்கள் படிந்து நிரம்பிய பட்டை) 1975இல்தான் கண்டறியப்பட்டது. அந்த நாளம் தரைமட்டத்தை எங்குமே எட்டவில்லை. அதன் உச்சி பூமிக்குள் மறைந்தே இருந்தது. எபிதெர்மல் வகை வெள்ளித் தாதுவைத் தேடப் புறப்படும் ஒருவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். காலடியில் வெள்ளி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், பழைய வெந்நீர் மண்டலத்தின் எந்த மட்டத்தில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம் என்று கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கானவையே.

தொடங்குவதற்கு முன்: இந்த நாளங்கள் எப்படி உருவாகின்றன

எரிமலைப் பகுதிகளில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குள், சுமார் 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலேறும்போது உருவாகும் படிவுகளை எபிதெர்மல் படிவுகள் என்கிறோம். வால்டெமார் லிண்ட்கிரன் என்ற புவியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த பெயர் இது. வெந்நீரில் வெள்ளி பெரும்பாலும் குளோரைடுடன் இணைந்தும், தங்கம் பெரும்பாலும் கந்தகத்துடன் இணைந்தும் கரைந்து வருகின்றன. மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. ஓர் ஆழத்தில் அந்த நீர் கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆவியோடு வெளியேறுகின்றன, நீரின் அமிலத்தன்மை குறைகிறது, வெப்பமும் தணிகிறது. அதுவரை கரைந்திருந்த உலோகங்கள் அந்த இடத்தில் பிளவின் சுவர்களில் படிந்துவிடுகின்றன.

ஆகவே இந்த நாளங்கள் கிடைமட்டமாகப் பல கிலோமீட்டர் ஓடினாலும், வளமான பகுதியின் செங்குத்து உயரம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். குவானஹுவாட்டோவின் ‘வேட்டா மாத்ரே’ என்னும் தாய் நாளம் சுமார் 25 கிலோமீட்டர் நீளமுடையது. அதில்கூட வளமான தாது ஒரு கிடைமட்டப் பட்டையாகவே அமைந்திருக்கிறது. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில் தாது மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தொடர்ந்தது என்பதை அறிந்த வாசகர்கள், இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கோலார் மிகப் பழைய, மிக ஆழத்தில் உருவான வேறு வகைப் படிவு. அங்கே பொருந்தும் ‘கீழே போகப் போகக் கிடைக்கும்’ என்ற எதிர்பார்ப்பு இங்கே பொருந்தாது.

பொதுவான செங்குத்து வரிசை இது: உச்சியில் கயோலின் களிமண்ணும் ஓப்பல் போன்ற சிலிக்காவும் பாதரசம், ஆன்டிமனி, ஆர்செனிக் ஆகியவற்றின் சுவடுகளும், நடுவில் பட்டை பட்டையான குவார்ட்ஸும் வெள்ளியும் தங்கமும், அடியில் ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சல்பைடுகள். மெக்சிகோவில் ஒரே பிளவில் கொதிப்பு நிகழும் மட்டம் பலமுறை மேலும் கீழும் நகர்ந்திருப்பதால் இந்த மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலந்திருப்பதும் உண்டு. வரிசையை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், சட்டமாகக் கொள்ளாதீர்கள்.

முதல் படி: வரைபடங்களும் அனுமதியும்

களத்துக்குப் போகும் முன் மேசையில் செய்யும் வேலை செலவு குறைந்தது, பலன் மிகுந்தது. மெக்சிகோ அரசின் புவியியல் சேவை நிறுவனம் 1:50,000 அளவில் புவியியல் வரைபடங்களை வெளியிடுகிறது. அவற்றில் ஆண்டசைட், ரையோலைட் போன்ற எரிமலைப் பாறைகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் பிளவுப்பெயர்ச்சிகள் (இருபுறப் பாறையும் விலகி நகர்ந்த பிளவுகள்), பழைய சுரங்கக் குறிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலனியக் காலத்துச் சிறு குழிகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருந்தால், அந்தக் கோடு பெரும்பாலும் ஒரு நாளத்தின் நீள்திசையாகவே இருக்கும். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவியின் பழைய படங்களில் களிமண் கனிமங்கள் உள்ள நிலப்பரப்பைப் பிரித்துக் காணலாம். ஆனால் அதற்குப் பயன்படும் குற்றலை அகச்சிவப்பு உணரிகள் 2008இல் செயலிழந்துவிட்டதால், அதற்கு முந்தைய படங்களையே தேட வேண்டும்.

நில அனுமதியை இந்தப் படியிலேயே முடித்துவிடுங்கள். மெக்சிகோவில் நிலத்தின் பெரும்பகுதி ‘எஹிதோ’ எனப்படும் கிராமப் பொதுவுடைமையாக இருக்கிறது. ஊர்ச்சபையின் ஒப்புதல் பெறாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. சுரங்கச் சட்டமும் 2023இல் பெருமளவு மாற்றப்பட்டதால், யார் தேடலாம், எவ்வளவு காலம் தேடலாம் என்பதை நடப்புச் சட்டத்தைப் படித்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

இரண்டாம் படி: ஓடைகளில் தொடங்குதல்

பெரிய பரப்பைக் குறைந்த மாதிரிகளால் அலசுவதற்கு ஓடை வண்டலே ஏற்றது. ஒவ்வொரு கிளை ஓடையும் பெரிய ஓடையில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே நின்று, நடு ஓடையின் மெல்லிய வண்டலை எடுத்து, அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் சலித்துப் பையிலிட்டு எண்ணிடுங்கள். வெள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. ஆர்செனிக், ஆன்டிமனி, பாதரசம், ஈயம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றின் அளவுகளையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஓடையில் கிடக்கும் உருண்ட கற்களைப் புரட்டிப் பார்ப்பதும் இதே நடையில் செய்ய வேண்டிய வேலைதான். பட்டையுள்ள குவார்ட்ஸ் கல் ஒன்று கிடைத்தால், அத்தகைய கற்கள் நின்றுபோகும் இடம் வரை ஓடையின் மேற்பக்கம் நடந்து செல்லுங்கள். நாளம் அந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கும்.

மூன்றாம் படி: கல்லைப் படித்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுங்கள் என்பதே என் உறுதியான அறிவுரை. பகுப்பாய்வு முடிவுகள் வர வாரங்கள் ஆகும். கல்லின் அமைப்போ, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் சுத்தியலும் இருந்தால் அந்தக் கணமே செய்தி சொல்லிவிடும்.

முதலில் பட்டைகளைத் தேடுங்கள். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகச் சுவரிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்த சிலிக்காப் பட்டைகள், பிளவு பலமுறை திறந்து ஒவ்வொரு முறையும் புதுநீர் பாய்ந்ததற்கான அடையாளம். அந்தப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். ஜப்பானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அத்தகைய கோடுகளைக் ‘கின்குரோ’, அதாவது ‘வெள்ளிக் கறுப்பு’ என்று அழைத்தார்கள். வெள்ளிச் சல்பைடுகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும்.

அடுத்தது தகட்டு அமைப்பு. நீர் கொதித்துக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் மெல்லிய தகடுகளாகப் படிகிறது. பின்னர் குவார்ட்ஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் தகடுகளின் வடிவம் அப்படியே நிற்கிறது. குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட ஓலைக் கீற்றுகளைப் போலத் தோன்றும் இந்த அமைப்பு, அந்த மட்டத்தில் கொதிப்பு நிகழ்ந்தது என்பதற்கான மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று. அடுலேரியா என்னும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், பால் வெண்மையிலோ இளஞ்சிவப்பிலோ சிறு சாய்சதுரப் படிகங்களாகப் பட்டைகளுக்கு நடுவே இருந்தால் அதுவும் கொதிப்பையே சுட்டுகிறது.

கறுப்பாக இருப்பதெல்லாம் வெள்ளி ஆகாது. மாங்கனீசு ஆக்சைடு கரிபோல் விரலில் ஒட்டும். காலீனா என்னும் ஈயச் சல்பைடு கத்தி பட்டதும் சிறு கனசதுரங்களாக உடையும். அகாந்தைட் என்னும் வெள்ளிச் சல்பைடு உடையாது. ஈயத்தைப்போலக் கத்தியால் சீவ முடியும். பைரார்கைரைட் என்னும் வெள்ளிக் கனிமம் கறுப்பாகத் தோன்றினாலும் மெல்லிய விளிம்பில் ஒளி ஊடுருவும்போது ஆழ்ந்த சிவப்பைக் காட்டும். தரைக்கு அருகில், ஆக்சிஜன் ஏறிய பகுதியில், வெள்ளி மெழுகு போன்ற குளோரைடாக மாறிக் கண்ணுக்குப் புலப்படாமலே இருக்கக்கூடும். எனவே வெறும் கண்ணால் பார்த்து ‘இதில் ஒன்றுமில்லை’ என்று எந்த நாளத்தையும் ஒதுக்காதீர்கள்.

பழைய சுரங்க வாய்கள் கண்ணில் படும். உள்ளே நுழையாதீர்கள். கெட்ட காற்றும் உளுத்த மரத் தாங்கிகளும் எச்சரிக்கை எதுவும் தராமல் உயிரைப் பறிக்கக்கூடியவை. வெளியே கொட்டப்பட்டிருக்கும் கழிவுக் கற்குவியலே உங்களுக்குப் போதுமான செய்தியைத் தரும்.

நான்காம் படி: மாதிரி எடுத்தல்

நாளத்தின் நீள்திசைக்குச் செங்குத்தாக, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, ஒரே ஆழமும் அகலமும் உள்ள கால்வாயாக உளியால் வெட்டி மாதிரி எடுக்க வேண்டும். நாளத்தின் உள்ளே அமைப்பு மாறும் ஒவ்வோர் இடத்திலும் மாதிரியைப் பிரித்து எடுங்கள். இருபுறச் சுவர்ப் பாறையையும் தனித்தனியாக எடுங்கள். பளபளக்கும் துண்டை மட்டும் பொறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிப் பொறுக்கிய மாதிரி உலோகம் இருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதை எடுத்தால் ‘பொறுக்கியது’ என்று குறிப்பேட்டில் நேர்மையாக எழுதிவிடுங்கள்.

சராசரி காண்பதில் தொடக்கநிலையினர் தவறுவது வழக்கம். 0.4 மீட்டர் அகலத்தில் டன்னுக்கு 600 கிராம் வெள்ளியும், அதை ஒட்டிய 1.6 மீட்டரில் 50 கிராமும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 325 வரும்; அது பொய்யான எண். அகலத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த அகலமான 2 மீட்டரால் வகுத்தால் கிடைக்கும் 160 கிராம்தான் உண்மை.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஏறத்தாழ இருபது மாதிரிகளுக்கு ஒன்றாக, உலோகம் இல்லாத வெற்று மாதிரி, செறிவு முன்பே அறிந்த தரமாதிரி, இரட்டை மாதிரி ஆகியவற்றை மாற்றி மாற்றி இடையே செருகுங்கள். வெற்று மாதிரியில் வெள்ளி வந்தால், அரைக்கும் இயந்திரத்தில் முந்தைய மாதிரியின் தூள் ஒட்டியிருந்திருக்கலாம்; அந்தத் தொகுதியின் முடிவுகளை ஏற்காமல் மறு ஆய்வு கேளுங்கள். வழக்கமான முறையின் உச்ச வரம்பைத் தாண்டும் வெள்ளி மாதிரிகளுக்கு வேறு முறையில் மறு பகுப்பாய்வு தேவை என்பதை முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாம் படி: களிமண் சொல்லும் வெப்பநிலை

நாளத்தைச் சுற்றிய பாறையை வெந்நீர் மாற்றியிருக்கும். அந்த மாற்றத்தில் பிறந்த களிமண் கனிமங்கள் ஒரு வெப்பமானியைப் போலப் பயன்படுகின்றன. ஸ்மெக்டைட் ஏறத்தாழ 160 டிகிரிக்குக் கீழும், இல்லைட் ஏறத்தாழ 220 டிகிரிக்கு மேலும், இரண்டும் கலந்த வகை இடைப்பட்ட வெப்பத்திலும் உருவாகின்றன. எபிடோட் என்னும் பச்சைக் கனிமம் வந்துவிட்டால் வெப்பம் 240 டிகிரியை நெருங்கியிருக்கும். கையடக்க அகச்சிவப்பு நிறமாலைமானி கிடைத்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கற்களை அளந்து, இந்தக் கனிமங்களை வரைபடத்தில் குறித்துவிடலாம்.

குவார்ட்ஸில் சிறைப்பட்ட நுண்ணிய நீர்க்குமிழிகளை ஆய்வகத்தில் சூடாக்கி அளந்தால் இன்னும் நுட்பமான எண் கிடைக்கும். தூய நீரென்று கொண்டால், 200 டிகிரியில் கொதித்த நீர் அன்றைய நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 160 மீட்டரிலும், 250 டிகிரியில் கொதித்த நீர் ஏறத்தாழ 450 மீட்டரிலும் இருந்திருக்க வேண்டும். இன்று அந்தக் கல் தரையில் கிடக்கிறது என்றால், மேலிருந்த அத்தனை பாறையும் அரித்துச் செல்லப்பட்டுவிட்டது என்று பொருள்.

ஃப்ரெஸ்னியோவுக்கு மேற்கே உள்ள ஹுவானிசிப்பியோ பகுதியின் கதை இங்கே கைகொடுக்கும். அங்குள்ள மேட்டில் சிலிக்காவும் கயோலினும் படிந்த வெளிறிய பாறைதான் கண்ணில் பட்டது. பீட்டர் மெகாவ் என்ற புவியியலாளர் அதை வெற்றுப் பாறையென ஒதுக்காமல், அரிக்கப்படாமல் முழுமையாக மிஞ்சிய ஒரு மண்டலத்தின் தொப்பி என்று வாசித்தார். 2000களில் துளையிட்டபோது, வால்டெகான்யாஸ் என்ற வளமான நாளம் பல நூறு மீட்டர் ஆழத்தில் வெளிப்பட்டது.

ஆறாம் படி: மண் மாதிரியும் புவி இயற்பியலும்

நாளம் மண்ணுக்குள் மறையும் இடங்களில், அதன் நீள்திசைக்குக் குறுக்கே 100 அல்லது 200 மீட்டர் இடைவெளியில் கோடுகள் அமைத்து, ஒவ்வொரு கோட்டிலும் 25 மீட்டருக்கு ஒரு மண் மாதிரி எடுக்கலாம். சிலிக்கா மிகுந்த நாளம் மின்தடை அளவீட்டில் உயர்வாகவும், மேக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமம் அழிந்த பாறை காந்த அளவீட்டில் தாழ்வாகவும் தெரியும். இந்த அளவீடுகள் நாளம் செல்லும் பாதையைக் காட்டுமே தவிர, அதில் வெள்ளி உண்டா என்பதைக் காட்டா.

ஏழாம் படி: முதல் துளை

ஒரு நீண்ட தாளில் நாளத்தின் தளத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். அதில் ஒவ்வொரு மாதிரியின் உயரம், வெள்ளியின் செறிவு, வெள்ளிக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதம், ஆன்டிமனி, கல்லின் அமைப்பு, களிமண் வகை ஆகியவற்றைக் குறியுங்கள். நாளம் வளையும் இடங்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். பிளவுப்பெயர்ச்சியின் அசைவு அந்த வளைவைத் திறந்துவிடும் திசையில் அமைந்திருந்தால் நாளம் அங்கே தடிக்கும். மெக்சிகோவில் ‘கிளாவோ’ என்று அழைக்கப்படும் வளமான திரட்சிகள் பல அத்தகைய இடங்களில் அமைந்தவை.

துளை, நாளத்தை முடிந்தவரை செங்குத்தாக வெட்ட வேண்டும். 30 டிகிரிக் கோணத்தில் வெட்டினால், துளையிலிருந்து எடுக்கும் பாறைத் தண்டில் 4 மீட்டராகத் தெரியும் நாளத்தின் உண்மை அகலம் 2 மீட்டர்தான்.

முதல் துளையில் மெல்லிய நாளமும் குறைந்த வெள்ளியும் வந்தால் உடனே துளையிடும் இயந்திரத்தைக் கழற்றிவிடாதீர்கள். தண்டில் கால்சிடனி என்னும் நுண்மணிச் சிலிக்கா, ஸ்மெக்டைட், மிகுந்த ஆன்டிமனி ஆகியவை இருந்தால் நீங்கள் மண்டலத்தின் உச்சியில் இருக்கிறீர்கள். அதே குறுக்குவெட்டில் 100 முதல் 150 மீட்டர் கீழே அடுத்த துளையை வைக்கலாம். மாறாக, பருமனான குவார்ட்ஸ், எபிடோட், காலீனா, ஸ்பேலரைட் என்னும் துத்தநாகச் சல்பைடு ஆகியவை நிறைந்தும் வெள்ளி குறைந்தும் இருந்தால் அடிமட்டத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இன்னும் ஆழமாகத் துளைப்பதில் பணத்தைக் கரைக்காமல், நீள்திசையில் நகர்ந்து, பிளவுப்பெயர்ச்சியால் தாழ்ந்து இறங்கி, அரிப்புக்குத் தப்பிய பக்கத்துப் பாறைத் தொகுதியில் அடுத்த துளையைக் குறியுங்கள்.