3 மணி விழிப்பு நின்ற விதம்

மூன்று வாரமாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு. பல்லைக் கடித்தபடியே எழுவேன், தாடை வலிக்கும். மனதில் ஓடுவதெல்லாம் முடிக்காத ஆபீஸ் கணக்கு.

சாயந்திரக் காபியை நிறுத்தினேன். போனை அடுத்த அறையில் வைத்தேன். பலனில்லை. படுக்குமுன் ஜெப நேரத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. மறுநாள் வேலைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்து நானே கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன்.

சுவர்க் காலண்டரில் மத்தேயு 11:28, இயேசு சொன்ன ‘இளைப்பாறுதல் தருவேன்’. அதோடு முடிந்துவிடும். வேதத்தைத் திறந்து பார்த்தால், 29-ஆம் வசனத்தில் இளைப்பாறுதல் மறுபடி வருகிறது, ஆனால் ‘என் நுகத்தை’ ஏற்றுக்கொண்ட பிறகு. நுகத்தடியில் இரண்டு மாடு பூட்டுவார்கள். பாரத்தை இறக்க மட்டும் கேட்டேனே தவிர, பகலில் அவரோடு சேர்ந்து இழுக்க நினைக்கவே இல்லை!

வேண்டுதலைக் காலைக்கு மாற்றினேன். கணக்கு நோட்டின் மேல் கைவைத்து, “ஆண்டவரே, இதை உம்மோடு சேர்ந்து செய்கிறேன்” என்று ஐந்து நிமிடம். சாயந்திரம் நோட்டை மூடும்போது மீதியை ஒப்புக்கொடுத்துவிடுவேன். இரவில் சங்கீதம் 4:8, ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்’ என்ற வசனம் மட்டும் வாசிப்பேன், வேறு விண்ணப்பம் கிடையாது.

நாலாம் நாள் கோயில் மணி கேட்டுத்தான் எழுந்தேன். தாடை வலி இல்லை. ஸ்தோத்திரம்.